அரசு மனநலப் பிரிவு, போதை மீட்பு மையம்: இவற்றை யார் கண்காணிக்கிறார்கள், யாரிடம் கேட்பது?

தம்பிக்கு_அக்கா:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, முடிந்தவர்கள் முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் தம்பிக்கு பைபோலார், மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்குகிற நோய். சில வருடங்களாக அதற்கு லித்தியம் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாவட்ட மனநலத் திட்டத்தில் வாரம் ஒரு நாள் மனநல டாக்டர் வருவார். நல்ல மனிதர், அவர் மேல் குறை ஒன்றும் இல்லை. நோட்டில் எழுதிக் கொடுப்பார். மருந்து ஜன்னலில் நீட்டினால் இருக்கிற மாத்திரைக்கு டிக் போட்டுக் கொடுத்துவிட்டு, இல்லாததைச் சுற்றி வட்டம் போட்டு "இது வெளிய வாங்கிக்கோங்கம்மா" என்பார்கள். இப்போது கொஞ்ச காலமாக அந்த வட்டம் லித்தியத்தின் மேலேயே விழுகிறது. காசு இருக்கிற மாதம் வெளியே வாங்குகிறோம், இல்லாத மாதம் அவன் பாதிப் பாதியாக உடைத்து ஓட்டுகிறான், கேட்டால்தான் சொல்கிறான். ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்கச் சொல்லி எழுதினால் அங்கே லேபில் அந்த டெஸ்ட் கிடையாது.

அடுத்தது குடி. தூக்கம் போனால் குடிப்பான், குடித்தால் மாத்திரையை விடுவான், மாத்திரை விட்டால் தூக்கம் போகும். சொந்தக்காரர் ஒருவர் ஒரு தனியார் போதை மீட்பு மையத்தின் நம்பர் கொடுத்தார். போன் செய்தேன். "ராத்திரி வண்டி வரும், நாலு பசங்க வருவாங்க, நீங்க கதவை மட்டும் திறந்துவிடுங்க, மூணு மாசம் பார்க்க வரக்கூடாது, பணம் முன்கூட்டியே கட்டணும்" என்கிறார்கள். அம்மா சரி என்கிறார், எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மாமா ஒருவர், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற மாத்திரை இருக்கிறது, அதைக் கொடுத்தால் குடிக்கவே பிடிக்காது என்கிறார்.

நான் கேட்க வந்தது இதுதான். இந்த மையங்களை யாராவது பார்க்கிறார்களா, இல்லை போர்டு மாட்டினால் போதுமா? அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லை என்றால் அது யாருக்காவது தெரியுமா, இல்லை எங்கள் நோட்டோடு போய்விடுகிறதா? புகார் கொடுத்தால் அந்த டாக்டருக்குச் சிக்கல் வருமோ என்றும் தயக்கம்.

களப்பணி_ஓய்வு:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. சாப்பாட்டில் கலக்கிற வேலை வேண்டவே வேண்டாம். மாமா சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி, படபடப்பு, பிரஷர் சடாரென்று இறங்கும், சிலருக்கு உயிர் போகும். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்து, ஒப்புக்கொண்டு, டாக்டர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. உங்கள் தம்பிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாந்தி எடுத்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை அதிகமாக நடுங்குவது, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் குடிபோதை என்று படுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி உங்கள் கேள்வி. நான் ஒரு மாவட்டத்தில் இந்தத் திட்டத்தில் சமூகப் பணியாளராக, ஒப்பந்தத்தில், வேலை பார்த்தவன். மாதக் கடைசியில் ரிப்போர்ட் போகும். புதிய நோயாளி எத்தனை, பழைய நோயாளி எத்தனை, முகாம் எத்தனை, பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் எத்தனை. நான் இருந்தவரை அந்தத் தாளில் இல்லாத ஒன்று, போன மாதம் வந்தவர்களில் இந்த மாதம் வராமல் போனவர்கள் யார் என்பது. எங்களிடம் அட்டைப் பெட்டியில் தேதி வாரியாகக் கார்டு இருக்கும், வந்தவர் கார்டு முன்னால் போகும், வராதவர் கார்டு பின்னால் தங்கும். பின்னால் இருக்கிற கட்டு தடித்துக்கொண்டே போகும், ரிப்போர்ட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். மேலிடத்தில் பார்த்தால் திட்டம் நன்றாக நடக்கிற மாதிரி இருக்கும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

மனநலத்திலும் குடியிலும் ஒரு தடவை வந்து போவதில் பிரயோசனம் ரொம்பக் குறைவு. ஆறு மாதம் கழித்தும் வருகிறாரா, மாத்திரை விடாமல் போகிறதா, வேலைக்குப் போகிறாரா, வீட்டில் அடிதடி குறைந்ததா, இதைத்தான் எண்ண வேண்டும். நாங்கள் இருவர் சேர்ந்து அந்தப் பின்கட்டை எடுத்து கிராம சுகாதார நர்ஸ் வழியாக ஆள் தேடினோம். பாதிப் பேர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? பஸ் காசு. அதற்கடுத்தது "போனா மாத்திரை இல்லைன்றாங்க, அதுக்கு எதுக்கு ஒரு நாள் கூலியை விடணும்" என்பது.

வார்டு_டியூட்டி:

அரசு மருத்துவர்தான், ஊர் வேண்டாம். அக்கா, டாக்டருக்குச் சிக்கல் வருமோ என்று தயங்காதீர்கள். மருந்து இல்லை என்பது எழுத்தில் வந்தால் அவருக்கும் நல்லதுதான். நாங்கள் வாயால் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம்.

மருந்து எப்படி வருகிறது என்று தெரிந்தால் எங்கே தட்டுவது என்று புரியும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குக்கு அனுப்பும், ஆஸ்பத்திரிகள் அங்கிருந்து பாஸ்புக்கில் பதிந்து எடுத்துக்கொள்ளும். 1990களில் தொடங்கிய ஏற்பாடு, மற்ற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு வேண்டும் என்று இண்டெண்ட் போடும்போது, போன வருடம் எவ்வளவு செலவாச்சு என்பதைத்தான் பார்ப்பார்கள். இங்கேதான் கோளாறு. ஸ்டாக் இல்லாமல் நீங்கள் நான்கு மாதம் வெளியே வாங்கினால் அந்த நான்கு மாதம் செலவு பூஜ்யம் என்று ரிஜிஸ்டரில் நிற்கும். அடுத்த வருடம் யாரோ அதைப் பார்த்து "இங்கே லித்தியம் அவ்வளவாகப் போவதில்லை" என்று குறைத்துப் போடுவார்கள். அது இன்னும் சீக்கிரம் தீரும். பாரசிட்டமால் தீர்ந்தால் நூறு பேர் சத்தம் போடுவார்கள், லித்தியம் தீர்ந்தால் ஒன்பது பேர் பேசாமல் வீட்டுக்குப் போவார்கள்.

அதனால் வட்டம் போட்டதோடு விடாமல், "ஸ்டாக் இல்லை" என்று தேதியோடு நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பார்மசிஸ்ட் முணுமுணுக்கலாம், பரவாயில்லை. உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குச் சிறு தொகை உண்டு, நோயாளர் நலச் சங்கத்திலும் கொஞ்சம் இருக்கும். தலைமை மருத்துவ அலுவலர் மனசு வைத்தால் ஒன்பது பேருக்கு லித்தியம் வாங்குவது பெரிய காசில்லை. யாரும் எழுதிக் கேட்காததால் அது அவர் மேஜைக்கே வருவதில்லை. ரத்தப் பரிசோதனைக்கு சாம்பிளை எடுத்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பும் வழி சில இடங்களில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள், நோயாளியே போக வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். லித்தியத்தைப் பாதியாக உடைத்து ஓட்டுவதும், திடீரென்று நிறுத்துவதும் நோயைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரும். மாத்திரை கிடைக்காத வாரத்திலேயே போய்ச் சொல்லிவிடுங்கள், வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

கோர்ட்_வாசல்:

சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன், வழக்கறிஞர் ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம், குடி, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளும் அந்தச் சட்டத்தின் விளக்கத்திலேயே மனநோய்க்குள் வருகின்றன. ஆகவே ஆளைத் தங்கவைத்துச் சிகிச்சை தருகிற போதை மீட்பு மையமும் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் 5 லட்சம் வரை போகும். பதிவுச் சான்றிதழ் உள்ளே வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். நோயாளி தரப்புப் புகார்களைப் பார்க்கிற மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அப்படியே. நீங்கள் நேரில் போனால் சாமி படத்துக்குப் பக்கத்தில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ராத்திரி நாலு பசங்கள் வந்து தூக்கிக்கொண்டு போவது என்பது சட்டத்தில் எங்கும் கிடையாது. ஒருவருக்கு முடிவெடுக்கும் நிலை இல்லை என்றால் பிரிவு 89-ன்படி அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் பேசுகிறவர், விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு வல்லுநர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதிகபட்சம் 30 நாள், அதற்கு மேல் என்றால் வேறு நடைமுறை. அப்படிச் சேர்த்ததை ஆண் என்றால் 7 நாளுக்குள், பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "மூணு மாசம் பார்க்க வரக்கூடாது" என்று சொல்கிற இடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். சங்கிலி போடுவதை பிரிவு 95 முற்றிலுமாகத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது கட்டி வைத்திருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதற்கும் முன்னால் அந்த மாதிரி இடங்கள் எல்லார் கண்ணெதிரேதான் நடந்துகொண்டிருந்தன.

கண்காணிப்பு என்று கேட்டீர்கள். ஆணையம் 3 வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மையத்தையும் தணிக்கை செய்ய வேண்டும், உள்ளூர் மக்களின் பிரதிநிதியும் அதில் இருக்கலாம். புகார் வந்தால், வராமலே கூட, ஆய்வுக்கு உத்தரவிடலாம். வாரியத்தில் மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் தலைவர். கூடவே மனநலச் சிகிச்சை பெற்றவர்கள் அல்லது அவர்களைப் பராமரிக்கிறவர்கள் சார்பில் இரண்டு பேர் இருக்க வேண்டும். வாரியத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. ஏட்டில் இவ்வளவு இருக்கிறது. நடப்பில் யாராவது எழுதிப் போட்டால் நகர்கிறது, எழுதாவிட்டால் இல்லை.

மாத்திரைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. பிரிவு 18-ல், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் அரசு சமூக சுகாதார நிலையம் முதல் மேலே எல்லா இடத்திலும் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. சேவையில் குறை என்றால் முதலில் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள், பதில் திருப்தியில்லை என்றால் வாரியம், அப்புறம் ஆணையம்.

கூடவே ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. "ஏன் மருந்து இல்லை" என்று கேட்டால் பதில் வராது, காரணம் கேட்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். கடந்த 24 மாதத்தில் இந்த ஆஸ்பத்திரியில் லித்தியம் இருப்புப் பதிவேட்டின் நகல், மனநல மருத்துவர் வருகை தந்த தேதிகள், மனநலத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை. இப்படிப் பதிவேட்டில் இருப்பதை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நிதானம்78:

மேலே பெரியவர்கள் சட்டம் சொல்லிவிட்டார்கள். நான் அந்த மாதிரி மையத்துக்குள் இருந்தவன், இன்று குடிக்காமல் இருக்கிறேன், வாரம் தவறாமல் ஏ.ஏ. கூட்டத்துக்கு, அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் கூட்டத்துக்கு, போகிறேன். எந்த மையம் என்று சொல்லப்போவதில்லை.

நம்மை அடைத்த முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம். தினம் குடிக்கிற உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் கை கால் உதறும், சிலருக்கு முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரும், அப்புறம் சுவரில் பூச்சி ஊருகிற மாதிரி தெரியும், யாரோ கூப்பிடுகிற மாதிரி கேட்கும். நாங்கள் இருந்த ஹாலில் ஒருத்தருக்கு அப்படி ஆனபோது "சீன் போடுறான்" என்று தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். டாக்டர் என்று ஒருவர் வாரக் கடைசியில் வருவார், பி.பி. பார்ப்பார், போவார். பின்னாளில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த நேரத்தில் பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள், நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து பார்ப்பார்.

அதனால் அக்கா, மையத்துக்குப் போன் பண்ணினால் சாப்பாடு எப்படி, ஏசி இருக்கா என்று கேட்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தனுக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீங்க என்று கேளுங்க. பதில் இழுத்தால் போனை வையுங்க. லித்தியம் சாப்பிடுகிறவன் என்று சொல்லுங்க, அவர்களுக்கு அது என்னவென்றே தெரியாவிட்டால் அதுவே பதில்.

இன்னொன்று, கோபப்படாதீங்க. வீட்டில் உள்ளவர்களுக்கு மூணு மாசம் நிம்மதி வேண்டும், அதற்குத்தான் பணம் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான். திரும்பி வந்த அன்றைக்கே நான் குடித்தேன். என்னை மாற்றியது என்று சொன்னால், வெளியே வந்தபிறகு ஒவ்வொரு வாரமும் போன் பண்ணி "வரலையா?" என்று கேட்ட ஒரு கவுன்சிலர். மையத்தைக் கண்காணிக்கிறவர்கள் படுக்கையை எண்ணுகிறார்கள், வெளியே போனவனுக்கு யாராவது போன் பண்ணினார்களா என்று கேட்பதில்லை. 2019-ல் வெளிவந்த எய்ம்ஸ் ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்களாம். அந்த ஒருத்தனையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றால் என்ன செய்வது.

தம்பிக்கு_அக்கா:

எல்லாருக்கும் நன்றி. இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

மையத்துக்கு நேரில் போனேன், கேட்டுக்கு வெளியேதான் பேசினார்கள். சான்றிதழ் கேட்டேன், "அப்ளை பண்ணியிருக்கோம் மேடம், வந்துடும்" என்றார்கள். வலிப்பு பற்றிக் கேட்டதற்கு "நம்ம பசங்களுக்கு எல்லாம் அனுபவம் இருக்கு". அதோடு அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட் அக்கா முதலில் எழுதித் தர மறுத்தார். தலைமை மருத்துவ அலுவலருக்கு மனு எழுதி, வரிசையில் நின்றிருந்த இன்னும் ஐந்து குடும்பத்திடம் கையெழுத்து வாங்கினேன். வரிசையில் இன்னொரு அம்மா மட்டும் கையெழுத்துப் போடப் பயந்தார், மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெயர் வெளியே வந்துவிடும் என்று. நானும் வற்புறுத்தவில்லை. மனுவைப் படித்துவிட்டு தலைமை மருத்துவ அலுவலர் கேட்ட முதல் கேள்வி, "ஆறு பேரா? எனக்கு ரெண்டு பேர்னுதானே சொன்னாங்க." உள்ளூரில் வாங்க ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பார்க்கலாம்.

தம்பி அட்மிஷனுக்கு ஒப்புக்கொள்கிறான், ஆனால் மனநல வார்டு என்றால் வரமாட்டேன் என்கிறான். வேறு வழி உண்டா?

கோர்ட்_வாசல்:

"அப்ளை பண்ணியிருக்கோம்" என்றால் தற்காலிகப் பதிவுச் சான்று கையில் இருக்க வேண்டும், விண்ணப்பித்து 10 நாளில் தருவது, 12 மாதம் செல்லும். அதுவும் இல்லை என்றால் ஆணையத்துக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: மையத்தின் பெயர், முகவரி, போனில் சொன்னது, நேரில் பார்த்தது, தேதி. பதிவுத் தபால் ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். உங்கள் பெயர் போடப் பயமாக இருந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுங்கள், அவர்கள் வழியாகப் போகட்டும். கையெழுத்துப் போடப் பயந்த அந்த அம்மாவிடமும் சொல்லுங்கள், ஒருவருடைய மனநோய் விவரத்தை ஆஸ்பத்திரி வெளியே சொல்லக்கூடாது என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது.

வார்டு_டியூட்டி:

அக்கா, அவன் ஒப்புக்கொள்கிறான் என்பதே பாதி வேலை. சில அரசு மருத்துவமனைகளில் போதை மீட்புக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, "கலங்கரை" என்ற பெயரில். உங்கள் பக்கத்தில் எங்கே என்று தெரியவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்து கேளுங்கள், நாள் முழுக்கத் தமிழில் பேசுவார்கள், மனநலத்துக்கான இலவச எண். அது இல்லாத ஊரில் முதல் சில நாள் பொது மருத்துவ வார்டில் சேர்த்து, மனநல டாக்டர் வந்து பார்த்துப் போகிற மாதிரி ஏற்பாடு செய்யலாம், நாங்கள் அடிக்கடி செய்வதுதான். சேர்க்கும்போது லித்தியம் விஷயத்தையும், கடைசியாக எப்போது குடித்தான் என்பதையும் டியூட்டி டாக்டரிடம் நீங்களே வாயால் சொல்லுங்கள், நோட்டில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

களப்பணி_ஓய்வு:

தங்கச்சி, அந்த ஆறு குடும்பத்தின் போன் நம்பரையும் வாங்கி வைத்தீர்களா? டாக்டர் வருகிற நாளுக்கு முந்தின நாள் யாராவது ஒருத்தர் பார்மசியில் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம். ஒரு சின்ன நோட்டில் தேதி, டாக்டர் வந்தாரா, எந்த மாத்திரை இல்லை என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஆர்.டி.ஐ. பதில் வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே இருப்பு என்று காட்டிய வாரத்தில் உங்கள் நோட்டில் இல்லை என்று இருந்தால், அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போங்கள். மனு நம்பரை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், அடுத்த தடவை அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும்.